சலவை ஆலைக் கைகள்

“மடியெல்லாம் தண்ணி தேங்கி நிக்குது, ஃப்ராவ் லோர்பெர். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கண்ணு தெரியலையா?” என்று முனகிக்கொண்டே ரோஸ்விட்டா மேனெர்ட் பழைய செய்தித்தாளை நான்காக மடித்து சிலையின் வெண்கல மடியில் வைத்து அழுத்துகிறார். தாள் ஊறியதும் எடுத்துப் பிழிகிறார். மறுபடி வைக்கிறார். மடி காய்ந்த பிறகுதான் தன் தள்ளுவண்டியிலிருந்து காப்பிக் குடுவையும், ஈரல் மசியல் தடவிய ரொட்டியும் வெளியே வரும். பக்கத்திலேயே நகராட்சி போட்ட நல்ல மர பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார மாட்டார். “அது பேங்கைப் பாத்து இருக்கு. காலங்காத்தால பேங்கைப் பாத்தா ரொட்டி எறங்குமா?” பீடத்தின் விளிம்பில், சிலையின் வலது முழங்காலுக்கு அருகில், அட்டை ஒன்றைப் போட்டு அமர்ந்துகொள்வார்.

எல்பே ஆற்றங்கரையில் எங்கள் ஆல்ட்ஹைன் சின்ன ஊர். ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஆள்தான்: சிற்பி ஹென்ரியெட்டே லோர்பெர். படகுக்காரர்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் வாழ்நாளெல்லாம் மணற்கல்லில் செதுக்கிவிட்டு எழுபத்தாறு வயதில் கண்ணை மூடியவர். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியைச் சுவர் இரண்டாகப் பிரித்திருந்த காலத்தில், அரசாங்கம் அவருக்குச் சதுக்கத்தில் சிலை வைத்தது. கல்லின் மேல் உட்கார்ந்து, இடது கையில் உளியும் வலது கையில் சுத்தியலுமாக, வேலையை நிறுத்திவிட்டு யாரோ கூப்பிட்டதைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கிழவி. நான் அந்தச் சதுக்கத்தின் மூலையில் முப்பத்தோரு ஆண்டுகளாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதேகால் மணிக்குத் தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச் சத்தம் கேட்டுத்தான் கடையைத் திறப்பது வழக்கம்.

ரோஸ்விட்டாவுக்கு எழுபத்தைந்து வயது. குட்டையான உருவம், நரைத்த தலையை அவரே கத்தரித்துக்கொள்வார், அதனால் ஒரு காது எப்போதும் கூடுதலாகத் தெரியும். கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று மாதம் ஒருமுறை என் கடைக்குள் வருவார். திருகு தளர்ந்திருக்காது. அன்றைக்கு ஊரில் யாரைப் பற்றியாவது சொல்ல ஏதாவது இருக்கும். கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்துவிட்டு, கதவில் கை வைத்தபடி, “நான் எதுவும் சொல்லல, கண்ணாடிக்காரரே” என்பார். நாற்பது நிமிடம் பேசியதற்கு அதுதான் முற்றுப்புள்ளி.

பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் பார்க்கிற சிலையை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி ‘நீ’ என்று அழைத்ததில்லை. எப்போதும் ‘ஃப்ராவ்’, அதாவது அம்மையார்தான். “அறிமுகம் ஆகாதவங்க. எனக்கு அவங்கள தெரியாது, அவங்களுக்கு என்னைத் தெரியாது. பழக்கம் எல்லாம் கை மட்டும்தான்” என்பார். அந்தக் கைகள் தன்னுடையவை என்பது அவர் கட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. ரோஸ்விட்டா அப்போது நகராட்சிச் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிகிறவர். வயது இருபத்து நான்கு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சனிக்கிழமை நடனக் கூடத்தில் பையன்கள் அவர் கைகளைப் பார்த்து “துடுப்பு வருது, வழி விடுங்கடா” என்று கிண்டல் செய்வார்களாம். சிலை செய்ய டிரெஸ்டனிலிருந்து வந்திருந்த சிற்பிக்கு லோர்பெரின் முகத்துக்கு நிழற்படங்கள் கிடைத்தன. கைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரில் தெருத்தெருவாகக் கைகளைப் பார்த்துக்கொண்டு அலைந்தவர், சலவை ஆலை வாசலில் நின்றுவிட்டார். பதினொரு மத்தியானம் ரோஸ்விட்டா ஒரு முக்காலியில் சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்தார். தானியம் கலக்காத நிஜக் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய கௌரவம்.

பன்னிரண்டாம் நாள் போகவில்லை. மாப்பிள்ளை டீட்மார் மேனெர்ட், துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவர், விஷயம் கேள்விப்பட்டுவிட்டார். “கைய காட்டினவ இன்னும் என்னென்ன காட்டினாளோன்னு ஊர் பேசும். இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றார். சிலையைத் திறந்த அதே ஆகஸ்டில் கல்யாணம். முப்பத்தாறு வருடம் ரோஸ்விட்டா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவார்.

டீட்மார் கெட்ட மனிதர் இல்லை. எனக்கும் பழக்கம்தான், கண்ணாடிக்கு அளவெடுக்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றக் கூச்சப்படுகிறவர். நுரையீரல் கெட்டுப் படுத்த கடைசி மாதங்களில் ஒருநாள், சக்கர நாற்காலியில் தன்னைச் சதுக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாராம். சிலைக்கு எதிரில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, “கொஞ்சம் பெருசா பண்ணிட்டான். உன் கை இவ்வளவு பெருசு கிடையாது” என்றார். அந்த விஷயத்தில் அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது. அவரைப் புதைத்த மறுவாரம் ரோஸ்விட்டா பீடத்தின் மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கைகள் தன்னுடையவை என்று முதியோர் காப்பி விருந்தில் முதல் தடவையாகச் சொன்னபோது மேசை முழுக்கச் சிரித்தது. அந்த மேசைக்குத் தலைவர் ஹெர் எர்ட்மான், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஊர் வரலாற்றுக் கழகத்தின் தலைவர், செயலாளர், பெரும்பாலான மாதங்களில் ஒரே உறுப்பினர். சிலையைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். லோர்பெரின் அண்ணன் மகள், பியானோ வாசிப்பவர், அவருடைய மென்மையான கைகளே சிலையின் கைகளுக்கு மாதிரி என்பது அதில் பத்தொன்பதாம் பக்கம்.

“ஃப்ராவ் மேனெர்ட், உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?”

“காகிதமா? கை இருக்கு.”

“கை எல்லாருக்கும்தான் இருக்கு. என் மச்சான்கூட மூக்கு தன்னோடதுன்னு சொல்றான், எந்தச் சிலையப் பாத்தாலும்.”

அன்றிலிருந்து சந்தையில் காய்கறிக்காரர்கூட “மாடல் அம்மா, முட்டைக்கோஸ் வேணுமா?” என்று கேட்க ஆரம்பித்தார். ரோஸ்விட்டா முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு வந்து, அதன் விலையைச் சிலையிடம் சொல்லுவார்.

சென்ற நவம்பரில் ஒரு காலை, தள்ளுவண்டிச் சத்தம் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். ரோஸ்விட்டா உட்காராமல் சதுக்கத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே போனேன். சிலையின் வலது கை மணிக்கட்டோடு இல்லை. சுத்தியலும் இல்லை. அறுத்த இடம் புதுத் தங்கம்போல மின்னியது. பழைய உலோகத்துக்கு விலை ஏறியதிலிருந்து பக்கத்து ஊர்களில் கல்லறைக் கிண்ணங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இப்போது எங்கள் முறை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் இளைஞர்.

“என்ன காணாமப் போயிருக்கு?”

“என் கை” என்றார் ரோஸ்விட்டா.

அவர் வண்டிப் பிடியைப் பற்றியிருந்த இரண்டு கைகளையும் போலீஸ்காரர் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் இருக்கே?”

“இது வீட்டுல வச்சிருக்கறது. அங்க இருந்தத கேளுங்க.”

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான், “வெண்கல வலது கை, சுத்தியலோடு. எழுதிக்கோங்க” என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் சக்கரச் சத்தம் இல்லை. பத்தாம் நாள், கண்ணாடியின் திருகைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நானே அவர் வீட்டு மணியை அடித்தேன். சமையலறையில் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு அது மூன்று நாள் சூப்.

“ஏன் வரல?”

“எப்படிப் போய் எதிர்ல உட்கார்றது, சொல்லுங்க. எனக்கு மட்டும் ரெண்டு இருக்கு.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் திருகை இறுக்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

டிசம்பரில் சிலையைச் சீர்செய்ய ஹாலே நகரத்திலிருந்து யாங்கா என்ற பெண்ணை நகராட்சி அழைத்தது. முப்பது வயது இருக்கும். விரல் இடுக்கில் எல்லாம் மெழுகு. நகர மன்றத்தின் சின்ன அறையில் கூட்டம். பழைய அச்சு எதுவும் மிச்சமில்லை, சிலையைச் செய்த சிற்பியும் இறந்துவிட்டார், கையை எதைப் பார்த்துச் செய்வது என்பது கேள்வி. ஹெர் எர்ட்மான் அண்ணன் மகளின் நிழற்படங்களை ஒரு உறையில் கொண்டுவந்திருந்தார். பியானோவுக்கு முன்னால் வெள்ளை விரல்கள். ரோஸ்விட்டா கடைசி நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து, “மாதிரிக்கு உட்கார்ந்தவங்க இங்கேயே இருக்காங்க” என்றேன். அறை சிரித்தது.

“நான் எதுவும் சொல்லல” என்றார் ரோஸ்விட்டா, கழுத்துவரை சிவந்துபோய். “கண்ணாடிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.”

யாங்கா மட்டும் சிரிக்கவில்லை. “எத்தனை நாள் உட்கார்ந்தீங்க?”

“பதினொரு மத்தியானம்.”

“இடது கைய எப்படி வைக்கச் சொன்னாரு?”

ரோஸ்விட்டாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. குடையை எடுத்து உளியாகப் பிடித்து முழங்காலில் ஊன்றிக் காட்டினார். “சுண்டு விரல மறைச்சுக்கறேன்னு நான்தான் கேட்டேன். சரின்னாரு. உளிக்குப் பின்னாடி போட்டாரு.”

“எதுக்கு மறைக்கணும்?”

“அது நல்லா இருக்காது.”

யாங்கா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் பின்னால் போனோம். தூறலில் நனைந்த பீடத்தின் மேல் அந்தப் பெண் மல்லாந்து படுத்து, சிலையின் முழங்காலுக்கும் உளிக்கும் நடுவில் கைவிளக்கை அடித்தார். ஐம்பது ஆண்டுகளில் அங்கே யாரும் பார்த்ததில்லை. நின்றோ உட்கார்ந்தோ பார்க்க முடியாத இடம்.

“நுனி உள்பக்கம் திரும்பியிருக்கு” என்றது கீழிருந்து குரல். “நகம் பாதிதான் இருக்கு.”

எல்லோரும் ரோஸ்விட்டாவைப் பார்த்தோம். அவர் இடது கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். சலவை ஆலையில் துணி பிழியும் உருளை பத்தொன்பது வயதில் கவ்விய சுண்டு விரல். நுனி உள்பக்கம் திரும்பியிருந்தது. நகம் பாதிதான்.

ஹெர் எர்ட்மான் கைவிளக்கைக் கேட்டு வாங்கினார். எழுபத்தெட்டு வயது மனிதர், நல்ல கோட்டோடு அந்த ஈரக் கல்லில் படுத்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பார்த்து முடித்த பிறகு எழ முடியவில்லை என்பதும் தெரிந்தது. நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ரோஸ்விட்டா இரண்டு கைகளையும் கொடுத்து ஒரே இழுப்பில் அவரை நிமிர்த்திவிட்டார்.

“பத்தொன்பதாம் பக்கம்” என்றார் எர்ட்மான், முதுகிலிருந்து தண்ணீர் சொட்ட.

“தெரியும். மனப்பாடம்.”

“நான் உங்கள அத்தனை பேர் முன்னாடி…”

“மொதல்ல கோட்ட காய வைங்க. நிமோனியா வந்தா அதுக்கும் நான்தான் காரணம்னு எழுதுவீங்க.”

ஜனவரியில் தீயணைப்பு நிலையத்துக் கொட்டகையில் அச்செடுத்தார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. காப்பி ஊற்றப் போயிருந்தேன். சிக்கல் என்னவென்றால், ரோஸ்விட்டாவின் வலது கை இப்போது சுத்தியலைப் பிடிக்கும் கையாக இல்லை. மூட்டுகள் வீங்கி, விரல்கள் முழுக்க மடங்காது. காப்பிக் கோப்பையையே இரண்டு கையால்தான் தூக்குவார். யாங்கா மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க முடிஞ்ச மட்டும் பிடிங்க. மெழுகுல நான் மெலிய வச்சு, இளசா ஆக்கிக்கறேன்.”

“எதுக்கு?”

“அப்போ இருந்த மாதிரி.”

“அவங்க எழுபத்தாறு வயசுல செத்தவங்க, பொண்ணே. முகம் கிழவி, கை குமரி. பதினஞ்சு வருஷமா நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், அது ஒட்டவே இல்ல. எது இருக்கோ அதையே எடு.”

யாங்கா மாவுக் கட்டுத் துணிகளை நனைக்க ஆரம்பித்தார்.

கட்டு இறுக இருபது நிமிடம் அசையக் கூடாது. சுத்தியலின் எடையைத் தாங்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள், முழங்கைக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடத்தில் முழங்கை இறங்கத் தொடங்கியது. மூலையில் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்ற ஹெர் எர்ட்மான் வந்து, சிமெண்ட் தரையில் முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அந்த முழங்கையின் கீழே கொடுத்தார்.

“வலிக்குதா, ஃப்ராவ் மேனெர்ட்?”

“இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? காகிதம் கேப்பீங்களே.”

எர்ட்மான் தலைகுனிந்துகொண்டார். பன்னிரண்டாவது நிமிடத்தில் கட்டுக்குள்ளிருந்து நடுக்கம் வெளியே தெரிந்தது. போதும், உடைத்துவிட்டு நாளைக்கு எடுக்கலாம் என்றார் யாங்கா. ரோஸ்விட்டா கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்போ பதினொரு நாளும் என்ன நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் தெரியுமா?” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “இந்த ஆளு என் கைய இவ்வளவு நேரம் பாக்கறாரே, ஒரு வேலையும் சொல்லலையேன்னு. அதுக்கு முன்னாடியும் அப்படி யாரும் பாத்ததில்ல. அப்புறமும் இல்ல.”

எர்ட்மானின் கைகளும் நடுங்கத் தொடங்கியிருந்தன. இரண்டு நடுக்கமும் சேர்ந்து எப்படியோ ஒன்றையொன்று நிறுத்திக்கொண்டன. இருபது நிமிடம் ஆனதும் யாங்கா கட்டைப் பிரித்தார். உள்ளே வீக்கம், நரம்பு, தழும்பு, எல்லாம் அப்படியே விழுந்திருந்தது.

பீடத்தில் ஒரு சின்னப் பலகை வைக்க வேண்டும் என்று எர்ட்மான்தான் நகராட்சிக்கு எழுதினார். புத்தகத்தின் மறுபதிப்பு தனி. பத்தொன்பதாம் பக்கத்தை மூன்று தடவை ரோஸ்விட்டாவிடம் வாசித்துக் காட்டினார். மூன்று தடவையும் அவர் ‘மென்மையான’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னார். பலகையில் எந்தப் பெயரைப் போடுவது என்று நகராட்சியிலிருந்து கேட்டு வந்தார்கள். மாதிரிக்கு உட்கார்ந்தபோது அவர் ரோஸ்விட்டா ஷோகே, கல்யாணம் ஆகவில்லை.

“ரெண்டு நாள் டைம் குடுங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். அன்றைக்குத் திருகைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “ஷோகேன்னு போட்டா யாருன்னு யாருக்கும் தெரியாது. மேனெர்ட்னு போட்டா… டீட்மார் குழிக்குள்ள அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான்.” கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். “திட்டவும் செய்வான். பெருமையும் பட்டுக்குவான். வெளிய சொல்ல மாட்டான்.” என்ன முடிவு செய்தார் என்று சொல்லாமலே போய்விட்டார்.

மே மாதம், வெயில் நன்றாக அடித்த ஒரு சனிக்கிழமை, புதுக் கையைப் பொருத்தினார்கள். நகரத் தலைவர் பேசினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுகுழல் வாசித்தார்கள், காய்கறிக்காரர் கைதட்டினார். பழைய வெண்கலம் கறுத்துப்போயிருக்க, அந்த வலது கை மட்டும் பளபளவென்று, மூட்டு வீங்கி, சுத்தியலை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. லோர்பெர் முதல் தடவையாகக் களைத்துப்போனவராகத் தெரிந்தார். ரோஸ்விட்டாவைப் பேச அழைத்தார்கள். “எனக்கு என்ன தெரியும், அவங்கள கேளுங்க” என்று சிலையைக் காட்டிவிட்டார்.

கூட்டம் ரொட்டியும் வறுத்த சாசேஜும் இருந்த பக்கம் நகர்ந்த பிறகுதான் அவர் பலகைக்கு அருகில் போனார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். ‘கைகள்: ரோஸ்விட்டா மேனெர்ட், சலவைத் தொழிலாளி’ என்று இருந்தது. குனிந்து, எழுத்து எழுத்தாக வாசித்தார். பிறகு தன் அகலமான உள்ளங்கையை ‘மேனெர்ட்’ என்ற சொல்லின் மேல் வைத்து மறைத்து, மிச்சத்தைப் பார்த்தார். கையை எடுத்தார். முழுவதையும் பார்த்தார். மறுபடி மறைத்தார்.